மசக்கை அசதி என்று விட்டுவிடாதீர்கள்

(சிவகாசியில் கிராம சுகாதார செவிலியர்களும் தொழிலாளர் குடும்பத்துத் தாய்மார்களும் கூடியிருந்த கூட்டத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற தாய்மார்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயிலில் வீடு வீடாக நடக்கிற செவிலியர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாசமாக இருக்கிற பெண் ஒருத்தி "உடம்பெல்லாம் அசதியா இருக்கு" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறோம். வெளுத்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்கிறோம். இதில் தப்பே இல்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே அசதி என்று வருகிற பத்துப் பெண்களில் பலருக்கு அந்த மாத்திரையே சரியான மருந்து. நான் பேச வந்தது மிச்சமிருக்கிற அந்த ஒருத்தியைப் பற்றி. மாத்திரை சாப்பிட்டும் தேறாதவள், ரத்தம் நல்ல அளவில் இருந்தும் கை தூக்க முடியாதவள், "எல்லாம் மனசுதான்" என்று வீட்டிலும் சில நேரம் ஆஸ்பத்திரியிலும் சொல்லப்பட்டு வாயடைத்துப் போகிறவள்.

திருத்தங்கலில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்துநாலு வயது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை. மூன்றாவது மாசம். காலையில் மற்றவர்களோடு சமமாகத்தான் அடுக்குகிறாள். பதினொரு மணிக்கு மேல் விரல் பின்வாங்குகிறது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றிலேயே தாடை ஓய்ந்துபோகிறது. மெல்ல முடியாமல் கையால் தாடையைத் தாங்கிக்கொள்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் இறங்கிவிடுகிறது. ஒரு கண் இமை மட்டும் கீழே சரிகிறது. டிவியில் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிகிறார். "என்ன அத்தை, எனக்கு மட்டும் இப்படி இருக்கு?" என்று மாமியாரிடம் கேட்கிறாள். "மசக்கைன்னா அப்படித்தான்மா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்கிறார் அவர், அன்பாகத்தான். ராத்திரி தூங்கி எழுந்தால் மறுபடியும் நன்றாக இருக்கிறாள். அதனால் யாரும் அவளை நம்புவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் காலையில்தான் போகிறாள். டாக்டர் பார்க்கும்போது இமை நேராக இருக்கிறது.

இந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற நோய். இங்கே ஒன்று கவனியுங்கள். மாதச் சம்பளத்துக்கு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, காலையைவிட மாலையில் எவ்வளவு பலம் குறைந்தது என்று அளந்து சொல்லத் தெரியாது. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற பெண்ணுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு முன்னால் எத்தனை கட்டை, பின்னால் எத்தனை கட்டை என்று அவள் கூலிக் கணக்கிலேயே இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கான பதில் அது. செவிலியர்களே, அந்தக் கணக்கைக் கேளுங்கள். சத்துக்குறைவு நாள் முழுக்க ஒரே மாதிரி சோர்வைத் தரும். நடந்தால் மூச்சு வாங்கும், படபடக்கும். வேலை செய்யச் செய்யக் குறிப்பிட்ட தசை ஓய்ந்து, ஓய்வெடுத்ததும் திரும்பி வருகிற பலவீனம் வேறு ஜாதி.

இந்த நோய் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ள உங்கள் ஊரே போதும். நல்லபாம்பு கடித்தவரை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். முதலில் இமை தொங்கும். அப்புறம் பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு நின்றுபோகும். நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனம் நரம்பின் முனையிலிருந்து சுரந்து, தசையில் அதற்கென்று இருக்கிற ஏற்பியில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். நாகத்தின் நஞ்சு அந்த ஏற்பியில் போய் அடைத்துக்கொள்கிறது. மயஸ்தீனியாவில் வெளியிலிருந்து நஞ்சு எதுவும் வருவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புப் புரதமே தவறிப்போய் அதே ஏற்பியைத் தாக்குகிறது. இடம் ஒன்று, தாக்குகிற ஆள்தான் வேறு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிற நியோஸ்டிக்மின் ஊசியும், மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கிற பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பது இதனால்தான்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். காலையில் நன்றாகப் பேசுகிற ஒரு பெண் பேசப் பேசக் குரல் இழந்துபோவதைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே எழுதினார். அதற்குப் பிறகு 260 ஆண்டுகள் இதற்கு உருப்படியான மருந்து கிடையாது. 1934இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் செயின்ட் ஆல்ஃபிஜ் மருத்துவமனையில் வேலைபார்த்த மேரி வாக்கர் என்கிற பெண் மருத்துவர், தன் நோயாளியின் நிலை க்யூராரே என்கிற அம்பு நஞ்சு ஏறியவரின் நிலை போலவே இருக்கிறதே என்று யோசித்தார். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினைப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை நிமிர்ந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்த காரியம் அல்ல இது. ஏழைகளுக்கான சாதாரண ஆஸ்பத்திரியில், நோயாளியைக் கூர்ந்து பார்த்த ஒருவர் செய்தது. உடம்பே தன்னைத் தாக்குகிறது என்பதை 1973இல் அமெரிக்காவில் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் என்கிற இருவர் முயல்களை வைத்து உறுதிப்படுத்தினார்கள்.

உலகக் கணக்கில் லட்சம் பேருக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இந்த நோய் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்து ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேல். அந்த விகிதம் இங்கேயும் பொருந்துமானால், இந்த மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய இருநூறு பேராவது இருக்க வேண்டும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் வயதான பிறகு வருகிறது. பெண்களுக்கோ இருபதிலிருந்து நாற்பதுக்குள், பிள்ளை பெறுகிற வயதில் வருகிறது. அரிய நோய் என்றால் நம் ஊருக்கு வராது என்று அர்த்தமில்லை.

சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, தலையை அசைக்காமல் கூரையின் விட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அவள் முகத்துக்கு நேராக நின்று கவனியுங்கள். முதல் இருபது விநாடி ஒன்றும் தெரியாது. பிறகு நெற்றி சுருங்கும். இமையைத் தூக்கிப் பிடிக்கப் புருவம் உதவிக்கு வருகிறது. அதையும் மீறி ஒரு பக்க இமை மெல்லக் கருவிழி மேல் இறங்கும். அப்போது கண்ணை மூடச் சொல்லி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அந்த இமை மேல் இரண்டு நிமிஷம் வையுங்கள். எடுத்ததும் இமை மேலே நிற்கும். குளிர்ச்சி பட்டால் இந்த இணைப்பு கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்யும்; சூடு பட்டால் மோசமாகும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வேலை செய்கிற பெண்ணுக்கு இந்த நோய் ஏன் கூடுதலாக வதைக்கும் என்பதும் இதில் இருக்கிறது. அடுத்து, ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். முப்பதைத் தாண்டும்போது குரல் மூக்கால் வர ஆரம்பித்தால் சந்தேகம் வலுக்கிறது. இதெல்லாம் துணை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் நரம்பு மின்பரிசோதனையும் வேண்டும். அதற்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை மாதிரி நரம்பியல் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கர்ப்ப காலத்தில் இந்த நோய் எப்படிப் போகும் என்று கேட்டால், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கூடும், ஒரு பங்குக்குக் குறையும், ஒரு பங்குக்கு அப்படியே இருக்கும். கூடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று மாசத்திலும், பிரசவத்துக்குப் பிறகு வருகிற மாதங்களிலும் கூடும். இந்த நோய் இருந்தால் பிள்ளை பெறக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஏற்புடையதில்லை. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைக் கர்ப்பத்திலும் சாப்பிடலாம், பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். தேவைப்பட்டால் பிரெட்னிசலோனும் கொடுக்கலாம். ஆனால் மைகோஃபினோலேட், மீத்தோட்ரெக்சேட் இரண்டும் கருவைக் கெடுக்கும். கல்யாணமான பெண்ணுக்கு இவற்றை எழுதுகிற டாக்டர், குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டே எழுத வேண்டும். மாசமானது தெரிந்ததும் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்திவிடுகிற பெண்கள் இருக்கிறார்களே, அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

சுகப்பிரசவம் ஆகுமா? ஆகும். கருப்பை தானாகச் சுருங்குகிற தசை. இந்த நோய் அதைத் தொடுவதில்லை. வலி ஒழுங்காக வரும், வாய் திறக்கும். கடைசியில் மூச்சைப் பிடித்து முக்குகிற வேலையைச் செய்வது வயிற்றுத் தசையும் உதரவிதானமும். அங்கேதான் அவள் களைத்துப்போவாள். அப்போது ஆயுதம் போட்டோ வாக்வம் வைத்தோ குழந்தையை எடுக்க ஆள் தயாராக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றில் பத்து முதல் இருபது பேருக்குத் தாயின் எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியாகப் போய், சில நாளிலிருந்து சில வாரம் வரை தற்காலிகமாக இதே பலவீனம் வரும். மெதுவாக அழும், பாலைச் சப்பத் தெம்பிருக்காது. தாய்க்கு நோய் மிகக் குறைவாக இருந்தாலும் குழந்தைக்கு வரலாம். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் குழந்தைகள் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சில வாரங்கள் கழிந்ததும் பலவீனம் மறைந்துபோகும், திரும்பி வராது.

இப்போது ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். செவிலியர்கள் எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவதற்கு முன்னால் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசியை இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் போடச் சொல்லி உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அருமையான மருந்து. வலிப்பு வருகிற அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. எத்தனையோ தாய்மார்கள் உயிரோடு வீடு திரும்புவதற்கு அந்த ஊசி காரணம். அதைப் போடத் தயங்காதீர்கள். ஆனால் மயஸ்தீனியா இருக்கிற பெண்ணுக்கு மட்டும் அதைப் போடவே கூடாது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் சுரப்பதையே மெக்னீசியம் குறைத்துவிடும். ஏற்கெனவே ஏற்பியில் பாதி அடைபட்டுக் கிடக்கிறவளுக்கு, வருகிற கொஞ்சத்தையும் நிறுத்திவிட்டால் மூச்சுத்தசை நின்றுவிடும். அவளுக்கு வலிப்பை அடக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. இதே போல ஜென்டாமைசின் ஊசியும் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரையும் அவளுக்கு ஆகாது. வலிப்பு வந்து நினைவில்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்சில் வருகிறவள் தனக்கு என்ன நோய் என்று சொல்ல முடியாது. கூட வருகிற புருஷனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. அப்போது பேச வேண்டியது அவளுடைய தாய்-சேய் அட்டை. அதில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து குளுக்கோஸ் பாட்டில். அசதி என்று யார் போனாலும் ஒரு பாட்டில் ஏற்றிவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்கிறார். "ரெண்டு பாட்டில் ஏத்தினாத்தான் தெம்பு வரும்" என்று கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குக் கவலையைத் தருகிறது. இரண்டு விதமான பலவீனத்தில் அந்த வெறும் குளுக்கோஸ் நேரடியாகக் கெடுதல் செய்யும்.

ஒன்று, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து வருகிற வாதம். இரவு நன்றாகப் படுத்தவள் விடியற்காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள். நினைவு தெளிவாக இருக்கும், தொட்டால் உணர்வு இருக்கும், கால் மட்டும் தூக்க வராது. பரம்பரையாகவும் வரும், சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காமல் கசியவிடுகிற நோயிலும் வரும், விடாமல் வாந்தி எடுத்தாலும் வரும். ரத்தத்தில் 3.5க்கு மேல் இருக்க வேண்டிய பொட்டாசியம் 2க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். இந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். இருந்த கொஞ்சப் பலமும் போய்விடும், இதயத் துடிப்பும் தாறுமாறாகும். தேவைப்பட்டது ஒரு சோடியம்-பொட்டாசியம் பரிசோதனை, ஒரு ஈசிஜி, அப்புறம் பொட்டாசியம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் எழுந்து நடந்துவிடுவாள்.

இன்னொன்று, வாந்தி. மசக்கை வாந்தி பெரும்பாலோருக்கு வரும். ஆனால் வாரக்கணக்கில் வாயில் எதுவும் நிற்காமல் போகிறவளுக்கு உடம்பில் தயாமின் என்கிற பி1 வைட்டமின் கையிருப்பு தீர்ந்துவிடும். கால் மரத்து பலமிழக்கும், நடை தள்ளாடும், கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும், பேச்சில் குழப்பம் வரும். வெர்னிக்கே என்று இதற்குப் பெயர். குளுக்கோசை எரிக்க தயாமின் வேண்டும். தயாமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோசை ஏற்றினால் மூளை மேலும் பாதிக்கப்படும், சில நேரம் நிரந்தரமாக. முதலில் தயாமின் ஊசி, அப்புறம்தான் பாட்டில். தயாமின் விலை மலிவானது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. அதைப் போடாததால் ஒரு பெண் வாழ்நாள் முழுக்க ஞாபகத்தை இழந்து நிற்கிறாள் என்றால், அதை விதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பட்டாசு மருந்தால் இந்த நோய்கள் வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். மயஸ்தீனியா பட்டாசால் வருகிற நோய் அல்ல. உங்கள் தொழிலை நோய்க்குக் காரணமாக்கிப் பழிபோட நான் வரவில்லை. ஆனால் ஒரு ரசாயனத்தைப் பற்றிச் சொல்லாமல் விடவும் முடியாது. பச்சை நிறம் தரவும் கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைட்ரேட் பயன்பட்டு வந்தது. பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை காற்று மாசுக்காகப் பேசப்பட்டதே தவிர, தண்ணீரில் கரைகிற பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பது இங்கே அதிகம் பேசப்படவில்லை. அது பொட்டாசியத்தை செல்லுக்குள்ளேயே பூட்டிவிடும். வெளியே வர விடாது. சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு கை கால் துவண்டு மூச்சுத் தசையும் நின்றுபோகும். 1940களில் சீனாவின் சேச்சுவான் பகுதியில் பா-பிங் என்று அழைக்கப்பட்ட ஒரு வாத நோய் பரவியது. சமையல் உப்பில் பேரியம் கலந்திருந்ததே அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. எக்ஸ்ரேக்கு முன்னால் குடிக்கக் கொடுக்கிற பேரியம் சல்ஃபேட் கரையாதது. அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மருந்து கையாள்கிற பெண்கள், மாசமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். மருந்துப் பொடியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். யாராவது அதை விழுங்கிவிட்டால், மனக்கஷ்டத்தில் விழுங்கியிருந்தாலும் சரி, குழந்தை தெரியாமல் வாயில் போட்டிருந்தாலும் சரி, பட்டாசு மருந்து என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொட்டாசியத்தைப் பார்த்துச் சரிசெய்தால் பிழைக்க வைக்கலாம்.

கை கால் துவளுகிற இன்னொரு நோயும் இருக்கிறது. குய்லன்-பாரே என்கிற அதன் பெயர் 2025 ஜனவரியில் புனே செய்தியோடு உங்கள் காதுக்கு வந்திருக்கும். அங்கே அசுத்தமான தண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்டு இருநூறு பேருக்கு மேல் சந்தேகிக்கப்பட்டது. சாதாரண காலத்தில் வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வரும்; கர்ப்பத்தின் கடைசி மூன்று மாசத்திலும் பிரசவித்த முதல் இரண்டு வாரத்திலும் கொஞ்சம் கூடுதலாக வரும். வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பாதத்தில் ஊசி குத்துவது போல ஆரம்பிக்கும். முதுகு வலிக்கும். முதல் நாள் படி ஏற முடியாது, மறுநாள் தரையிலிருந்து எழ முடியாது, அதற்கடுத்த நாள் கை. கீழேயிருந்து மேலே ஏறுகிற பலவீனம் இது. மாசமானவள் கால் கனக்கிறது, முதுகு வலிக்கிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் சிக்கல். இம்யூனோகுளோபுலின் மருந்தை ஐந்து நாள் ஏற்றினாலோ பிளாஸ்மா மாற்றினாலோ நோயின் வேகம் குறையும். இரண்டையும் கர்ப்பத்தில் செய்யலாம். கருவைக் கலைத்தால் நோய் தீராது. பெரும்பாலானவர்கள் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள், மாதங்கள் ஆனாலும். ஆனால் நாலில் ஒருவருக்குச் சில நாளாவது வென்டிலேட்டர் தேவைப்படலாம். ஆகவே ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாத பெண் எந்த ஊரில் இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வருகிற பக்கவாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது தசை நோய் அல்ல. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதால் வருவது. ஆனால் கை கால் விழுகிற விஷயத்தில் நம் மதுரைச் சீமை உலக மருத்துவத்துக்குப் பாடம் சொன்ன இடம் அது. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் மூளை ரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றி 1983இல் ஆஞ்சியாலஜி என்கிற சர்வதேச இதழில் எழுதினார். பணக்கார நாடுகளில் அரிதாகத் தெரிந்த ஒரு நோயை நம் கிராமத்துப் பெண்களிடம் இத்தனை பேருக்குக் கண்டது பெரிய செய்தி. பிள்ளை பெற்ற ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுதல். அந்தக் காலத்தில் இதை ஜன்னி என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைத்துவிடும் என்று தொண்டை காய வைக்கிற வழக்கம் நம்மிடம் இருந்தது; இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிரசவித்த உடம்பில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மையோடு இருக்கும். அதோடு நீரும் வற்றினால் சிரையில் உறைவு சுலபமாக வரும். பாட்டிமார்களே, உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். காய மருந்து, பத்தியக் குழம்பு எல்லாம் கொடுங்கள். தண்ணீரை மட்டும் அவள் கேட்கிற அளவுக்குக் கொடுங்கள். ஸ்கேனில் கண்டுபிடித்து ஹெப்பாரின் ஆரம்பித்தால் விழுந்த கை பெரும்பாலும் எழுந்துவிடும்.

இங்கே ஆலை நடத்துகிறவர்களும் சிலர் வந்திருக்கிறீர்கள். இந்த நோய்களில் ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மயஸ்தீனியா இருக்கிற பெண்ணுக்குக் காலை நேரத்து வேலையும் நடுவில் படுக்க ஒரு இடமும் கொடுத்தால் அவள் நல்ல தொழிலாளி. இ.எஸ்.ஐ.யில் பதிவான பெண்ணுக்கு 2017இலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளம் உண்டு. உங்கள் ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்கட்டும். தீபாவளி நெருக்கத்தில் ஆள் போதவில்லை என்று காண்ட்ராக்டில் எடுக்கிற பெண்ணின் பெயரும் இருக்கட்டும்.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்பு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது. இப்போது முதல் கட்டச் சிகிச்சைக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. சந்தேகமானால் காலையில் போகாமல் சாயங்காலம் போங்கள், அல்லது இமை சரிந்திருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு படம் டாக்டருக்குப் பத்து நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

செவிலியர்களிடம் கேட்டுக்கொள்வது இது. அடுத்த தடுப்பூசி நாளில் வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் நாலு கேள்வி கேளுங்கள்: சாயங்காலம் ஆனால் இமை சரிகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, சோறு விழுங்கச் சிரமமா, உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றோ, கடைசிக் கேள்விக்கு இல்லை என்றோ பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவ அலுவலரிடம் அனுப்புங்கள். மயஸ்தீனியா என்று உறுதியான பெண்ணின் தாய்-சேய் அட்டையில், முதல் பக்கத்தில், சிவப்பு மையில், தமிழில் எழுதுங்கள்: "மயஸ்தீனியா நோயாளி. மெக்னீசியம் ஊசி போடக் கூடாது."